தி ஸ்டூஜஸ் குழுவின் முதல் ஆல்பம்: 1969இன் விமர்சகர்கள் உண்மையிலேயே தவறிவிட்டார்களா?

வேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1960களின் பிற்பகுதியில் வெளிவந்த அமெரிக்க ராக் ஆல்பங்களை ஆண்டு வரிசையில் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அன்று என்ன விமர்சனம் எழுதப்பட்டது என்பதையும் தேடிப் படித்து வருகிறேன். தி ஸ்டூஜஸ் குழுவின் முதல் ஆல்பத்துக்கு வந்து சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. அதை விட்டு அடுத்ததற்குப் போக மனம் வரவில்லை.

குழுவை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் 1967இல் உருவான குழு இது. இக்கி பாப் பாடினார். ரான் ஆஷ்டன் கிதாரும், அவருடைய தம்பி ஸ்காட் ஆஷ்டன் டிரம்ஸும், டேவ் அலெக்சாண்டர் பேஸ் கிதாரும் வாசித்தார்கள். எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனம் 1969 ஆகஸ்ட் 5 அன்று வெளியிட்ட இந்த ஆல்பத்தில் எட்டுப் பாடல்கள் உள்ளன. அனைத்தையும் சேர்த்தாலும் முப்பத்தைந்து நிமிடங்களுக்கு மேல் போகாது. பில்போர்டு இதழின் விற்பனைப் பட்டியலில் அது 106ஆம் இடத்தைத் தாண்டி ஏறவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ரோலிங் ஸ்டோன் இதழில் எட்மண்ட் வார்டு எழுதிய விமர்சனம், இந்த இசை இரைச்சலானது, சலிப்பூட்டுவது, ரசனையற்றது, கற்பனை வளம் இல்லாதது, சிறுபிள்ளைத்தனமானது என்று ஐந்து அடைமொழிகளை அடுக்குகிறது. ஆனால் அதே இதழ் 2003இல் எக்காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலை வெளியிட்டபோது, இதே ஆல்பத்துக்கு 185ஆம் இடம் கொடுத்தது. 2010இல் இக்குழு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்க்கப்பட்டது.

முதன்முறை கேட்டபோது எனக்கும் ஏறக்குறைய வார்டு சொன்னதுதான் தோன்றியது. ஒரே மீட்டல் திரும்பத் திரும்ப வருகிறது, பாடல் வரிகளில் பத்திருபது சொற்களுக்கு மேல் இல்லை, பாடகர் பாடுவதைவிட முணுமுணுப்பதே அதிகம். பத்தாவது முறை கேட்கும்போதும் இந்த விவரணையில் எதையும் மாற்ற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது இந்த ஆல்பம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கேட்டது ஒன்றே என்றால், முடிவு மட்டும் எப்படித் தலைகீழானது? அன்றைய விமர்சகர்கள் சரியாகக் கேட்கவில்லையா, அல்லது அவர்கள் கையில் இருந்த அளவுகோல் வேறா? இதைப் பற்றி ஆழ்ந்து யோசித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தந்திமரம் எழுதியது:

வேனில், நல்ல கேள்வி. முதலில் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். வார்டின் ஐந்து அடைமொழிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவற்றை ஒட்டியே, இருந்தாலும் தனக்கு இது ஓரளவு பிடித்திருக்கிறது என்று அவர் எழுதியதை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒப்புதலைச் சேர்த்துப் படித்தால் அந்த விமர்சனம் வேறு முகம் காட்டுகிறது. தன் அளவுகோலின்படி எல்லாத் தேர்விலும் தோற்ற ஓர் இசை தன்னை ஏன் ஈர்க்கிறது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. விடை இல்லாததை அவர் மறைக்கவும் இல்லை. பிற்காலத்துப் பாராட்டுரைகள் பலவற்றைவிட அந்தத் தடுமாற்றத்தை நான் அதிகம் மதிக்கிறேன். ராபர்ட் கிறிஸ்ட்கா என்ற ராக் விமர்சகரும் அன்றே இதை முட்டாள்தன ராக்கின் மிகச் சிறந்த வடிவம் என்ற பொருளில் குறிப்பிட்டு, பி பிளஸ் மதிப்பெண் கொடுத்தார். ஆகவே எல்லோரும் காறித் துப்பினார்கள் என்ற கதை முழு உண்மை ஆகாது.

அளவுகோல் பற்றி நீங்கள் ஊகித்தது சரியே. ராக் இசை பதின்வயதினரின் பொழுதுபோக்கு மட்டுமன்று, அதுவும் ஒரு கலைதான் என்று நிறுவுவதற்காகவே அன்றைய ராக் இதழ்கள் எழுதிக்கொண்டிருந்தன. ரோலிங் ஸ்டோன் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. தி ஹூ குழு ஒரு முழு ஆல்பத்தையே ஒரே கதையாகக் கோத்து ராக் ஆபெரா என்று 1969 மே மாதத்தில் வெளியிட்டிருந்தது. கிதாரில் கைத்திறன், வரிகளில் கவித்துவம், அமைப்பில் சிக்கல் ஆகியவையே முதிர்ச்சியின் அடையாளங்களாக எண்ணப்பட்டன. அப்படி ஒரு வழக்கை வாதாடிக்கொண்டிருப்பவரின் மேசைமேல், மூன்றே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) மேலிருந்து கீழே இறங்கித் தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய மாறாமல் சுழலும் "ஐ வானா பி யுவர் டாக்" வந்து விழுந்தால் அவர் என்ன செய்வார்? தன் வழக்குக்கு எதிரான சாட்சியாகவே அதை எண்ணியிருப்பார்.

பாடல் வரிகளின் வறுமை பற்றிச் சொன்னீர்கள். அது தெரிந்தே மேற்கொண்ட கட்டுப்பாடு. சூப்பி சேல்ஸ் என்ற தொலைக்காட்சிக் கலைஞர் குழந்தைகளிடம், எனக்குக் கடிதம் எழுதினால் இருபத்தைந்து சொற்களுக்குள் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்வாராம். சிறுவயதில் அதைப் பார்த்து வளர்ந்த இக்கி, அதையே தன் பாடல்களுக்கும் விதியாக வைத்துக்கொண்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் இசை தெரியாதவரும் அல்லர். பள்ளி நாட்களிலிருந்தே டிரம்ஸ் வாசித்தவர். ப்ளூஸ் இசையைக் கற்பதற்காகச் சிகாகோவுக்குப் போய் சாம் லே என்ற டிரம்ஸ் கலைஞரைத் தேடிப் பிடித்தவர். அங்கே கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் வாழ்விலிருந்து எவ்வளவு இயல்பாக இசையை எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகு, அதை நகலெடுப்பதில் பொருளில்லை, தன் ஊரின், தன் வயதின் சலிப்பிலிருந்து தனக்கென்று ஓர் இசையை உண்டாக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஆல்பத்தின் முதல் பாடலான "1969"ஐ இந்த எண்ணத்தோடு மறுபடி கேளுங்கள். நாடெங்கும் போர்ச் சூழல், தனக்கோ இருபத்திரண்டு வயது, செய்வதற்கோ எதுவும் இல்லை. அந்தப் பாடலில் உள்ளது இவ்வளவுதான். வுட்ஸ்டாக் என்ற மாபெரும் இசை விழா நடப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன்பு, அந்தத் தலைமுறையின் நம்பிக்கையில் தனக்குப் பங்கில்லை என்று ஓர் இளைஞர் இவ்வளவு வெறுமையாகச் சொல்லியிருக்கிறார்.

கீழ்க்கடல் எழுதியது:

தந்திமரம் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அன்றைய விமர்சகர்களின் காதில் உண்மையில் எந்த ஒலி விழுந்தது என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. எனக்கு அதுதான் முதன்மையாகத் தோன்றுகிறது.

எலெக்ட்ரா நிறுவனத்தில் பணியாற்றிய டேனி ஃபீல்ட்ஸ் 1968 செப்டம்பரில் டிட்ராய்ட் பகுதிக்கு எம்சி5 என்ற ராக் குழுவைக் கேட்கப் போனார். போன இடத்தில் ஸ்டூஜஸையும் கேட்டு, இரண்டு குழுக்களுக்கும் ஒப்பந்தம் வாங்கித் தந்தார். எம்சி5க்கு 20,000 டாலர், ஸ்டூஜஸுக்கு 5,000 டாலர். அவர் கேட்டது மேடை இசை. அங்கே இக்கியின் உடலும் அந்த இசையின் ஒரு பகுதி. பாடல் என்று தனியாகப் பிரித்தெடுக்கக்கூடியது மிகக் குறைவு. ஒலிப்பதிவுக்காக 1969 ஏப்ரலில் நியூயார்க்கின் ஹிட் ஃபேக்டரி ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்தபோது அவர்களிடம் முழுமையான பாடல்கள் ஐந்துதான் இருந்தன. நிறுவனம் இன்னும் வேண்டும் என்று கேட்டதால், ஒரே இரவில் "ரியல் கூல் டைம்", "நாட் ரைட்", "லிட்டில் டால்" ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்தார்கள்.

தயாரிப்பாளராக அமர்த்தப்பட்டவர் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவிலிருந்து அப்போதுதான் விலகியிருந்த ஜான் கேல். குழுவினர் மேடையில் வைப்பதைப் போலவே ஆம்ப்களை (கிதாரின் ஒலியைப் பெருக்கும் கருவிகளை) முழுச் சத்தமான பத்தாம் எண்ணில் வைத்துக்கொண்டுதான் வாசிப்போம் என்று அடம்பிடிக்க, கேல் மறுக்க, குழுவினர் வாசிக்காமல் உட்கார்ந்துவிட, கடைசியில் ஒன்பதில் வைப்பது என்று உடன்பாடு ஆனதாக இக்கி சொல்லியிருக்கிறார். அந்த ஓர் எண்ணுக்குள் எத்தனை ஒலி அடங்கியது என்பதைவிட, இரு தரப்பும் எதற்காகச் சண்டையிட்டன என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒலிப்பதிவுக்கூடத்தில் சத்தத்தைக் குறைத்தால் ஒவ்வொரு கருவியும் தெளிவாகப் பதியும். ஆனால் அதிக சத்தத்தில் ஆம்ப் உறுமி, அந்த உறுமல் கிதாருக்குள்ளேயே திரும்பிப் பாயும் நிலை போய்விடும். ரான் ஆஷ்டனின் வாசிப்பே அந்த நிலையில்தான் உயிர்பெறுகிறது.

கேல் செய்து கொடுத்த ஒலிக்கலவையை நிறுவனம் ஏற்கவில்லை. எலெக்ட்ராவின் தலைவர் ஜாக் ஹோல்ஸ்மனும் இக்கியும் சேர்ந்து மறுபடி கலந்த வடிவமே கடைக்கு வந்தது. கேலின் கலவை சில பாடல்களுக்கு 2005 மறுவெளியீட்டிலும், தனி ஆல்பமாக 2020இலும் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கேலின் கலவையில் குரலும் கிதாரும் ஏதோ ஒரு திரைக்குப் பின்னால் நின்று கூட்டாகப் புகைவதைப் போலவும், வெளியான வடிவத்தில் கிதார் காதுக்கு நேராக வந்து உரசுவதைப் போலவும் எனக்குப் படுகிறது. வெளியானதே மேல் என்பது என் கருத்து. ஆனால் மேடையில் இக்குழுவைப் பார்த்தே இராத ஒரு விமர்சகர், அவசரத்தில் எழுதப்பட்ட மூன்று பாடல்களும், பேரம் பேசிக் குறைத்த ஒலியும், இருவர் கைமாறிய கலவையும் கொண்ட ஓர் இசைத்தட்டை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது என்பதை மறக்கக் கூடாது. அவருடைய தீர்ப்பில் இருக்கும் குறையில் ஒரு பங்கு இந்தத் தட்டுக்கும் உண்டு.

சூழலையும் சேர்த்துப் பாருங்கள். எம்சி5 தன் முதல் ஆல்பத்தை வெளியிடுவதற்கு முன்பே, 1969 ஜனவரியில், ரோலிங் ஸ்டோன் அட்டையில் இடம்பெற்றுவிட்டது. ஏப்ரலில் அதே இதழில் லெஸ்டர் பேங்ஸ் என்ற விமர்சகர் அந்த ஆல்பத்தைப் பகட்டும் ஆரவாரமும் மட்டுமே என்று கடுமையாகத் தாக்கினார். ஆரவாரமான முன்விளம்பரமே அவரை அதிகம் எரிச்சலூட்டியது. அதே ஊர்ப்பக்கம், அதே நிறுவனம், அதே ஆள் கண்டுபிடித்த இன்னொரு குழு என்று ஸ்டூஜஸ் சில மாதங்களில் வந்து நின்றபோது, விமர்சகர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பேங்ஸ் பின்னாளில் எம்சி5 பற்றிய தன் முடிவை மாற்றிக்கொண்டார். ஸ்டூஜஸின் இரண்டாவது ஆல்பமான "ஃபன் ஹவுஸ்" 1970இல் வந்தபோது, டிட்ராய்டிலிருந்து வெளியான க்ரீம் இதழில் இரண்டு இதழ்களுக்கு நீளும் ஒரு கட்டுரையை எழுதி, அந்தக் குழுவின் மிகத் தீவிரமான வழக்கறிஞராகவே ஆகிவிட்டார்.

முகிலன்பட்டி எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். இந்த ஆல்பத்தை நானும் நேசிக்கிறேன். ஆனால் இதன் பெயர் பெரிதாகிவிட்டது என்பதற்காக, இதில் உள்ள குறைகளும் நிறைகளாகிவிட வேண்டியதில்லை. ஓர் இரவில் எழுதிய மூன்று பாடல்களும் ஓர் இரவில் எழுதியவையாகவே ஒலிக்கின்றன. "நாட் ரைட்" எனக்கு இன்றும் நிரப்புப் பாடல்தான். வார்டு கற்பனை வளம் இல்லை என்று எழுதியது இந்தப் பாடலை மனத்தில் வைத்து என்றால், நான் அவருடைய பக்கம்தான்.

500 ஆல்பங்களின் பட்டியலைச் சான்றாகக் காட்டுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 2003இல் 185ஆம் இடத்தில் இருந்த ஆல்பம், அதே இதழ் 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது 488ஆம் இடத்துக்கு இறங்கியது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் இசைத்தட்டில் ஒரு கீறல்கூட மாறவில்லை, வாக்களித்தவர்கள் மாறினார்கள். மேலும் இத்தகைய பட்டியல்கள் ஓர் ஆல்பம் பின்னால் வந்தவர்களுக்கு என்ன கொடுத்தது என்பதற்கும் சேர்த்து இடம் தருகின்றன. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற ஆங்கிலேய பங்க் ராக் குழு 1977இல் "நோ ஃபன்" பாடலை எடுத்துப் பாடியதால் அந்தப் பாடலின் பொருள் விரிந்தது. அந்த விரிவை 1969இன் விமர்சகர் எங்கிருந்து கேட்டிருக்க முடியும்? நாளைக்கு முளைக்கப் போவதை வைத்து இன்றைய விதையை எடைபோடுமாறு யாரையும் கேட்க முடியாது.

ஆனால் ஒரு பாடலில் மட்டும் எல்லா விமர்சகர்களிடமும் எனக்கு வழக்கு இருக்கிறது. பத்து நிமிடங்களுக்கு மேல் நீளும் "வி வில் ஃபால்". அன்று முதல் இன்று வரை ஆல்பத்தின் பலவீனமான பகுதி என்று பெரும்பாலோர் தாண்டிப் போகும் பாடல் இதுதான். இதன் அடியில் ஓடும் கூட்டுக் குரல் என்ன சொல்கிறது என்று கவனித்தீர்களா? "ஓம் ஸ்ரீ ராம் ஜெய் ராம் ஜெய் ஜெய் ராம்." நம்மில் பலர் மார்கழி பஜனையிலோ வீட்டுப் பூசையிலோ கேட்டு வளர்ந்த அதே நாமாவளி. இதைச் சேர்க்கும் யோசனை டேவ் அலெக்சாண்டருடையது என்று குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். அதன்மேல் கேல் தன் வியோலாவை (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டே போகிறார். லா மான்ட் யங் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் குழுவில் மணிக்கணக்கில் ஒற்றைச் சுருதியை நிறுத்திப் பழகியவர் கேல். யங்கோ இந்தியச் செவ்வியல் இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்.

பஜனையில் நாமாவளி மெல்லத் தொடங்கும். சுற்றுக்குச் சுற்று காலம் கூடும். ஜால்ராவும் கைத்தாளமும் ஏறி, கடைசியில் கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாகிவிடும். இந்தப் பாடலில் அந்த ஏற்றம் வரவே இல்லை. பத்து நிமிடங்களும் ஒரே நடையில், படுக்கையில் விழித்துக்கொண்டு யாருக்காகவோ காத்துக் கிடப்பவனின் மூச்சைப் போல, அது அப்படியே கிடக்கிறது. நாமாவளியின் பொருள் அவர்களுக்கு எந்த அளவுக்குத் தெரிந்திருந்தது என்பது வேறு கேள்வி. ஆனால் உச்சத்தை நோக்கிப் போக வேண்டிய ஒரு வடிவத்தை எடுத்து, அதை எங்கும் போகாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது, அந்த வடிவத்தோடு வளர்ந்த காதுக்கு உடனே தெரிகிறது. இதே தேக்கத்தை விரைவான நடையில் செய்தால் "நோ ஃபன்" கிடைக்கிறது. அதைப் பாராட்டும் விமர்சகர்கள் இதை மட்டும் இடத்தை நிரப்பச் செய்ததாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேனில் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முகிலன்பட்டி அவர்களின் குறிப்பைப் படித்துவிட்டு நேற்றிரவு "வி வில் ஃபால்" பாடலை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். நான்காவது நிமிடத்துக்குப் பிறகு, அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்ப்பதை என் காது விட்டுவிட்டதை உணர்ந்தேன். அதற்குப் பிறகுதான் வியோலாவின் சுருதிக்குள் இருக்கும் சிறுசிறு அசைவுகள் கேட்கத் தொடங்கின. அது முடிந்த கையோடு, இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலாக "நோ ஃபன்" கைதட்டலோடு தொடங்கியபோது, மூன்று வாரங்களில் முதல்முறையாக அந்தப் பாடல் எனக்கு மகிழ்ச்சியான பாடலாகக் கேட்டது.

தந்திமரம் அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கிதார் வாசிப்பவராகச் சொல்லுங்கள்: ரான் ஆஷ்டனின் எளிமை அவர் தேர்ந்துகொண்டதா, அல்லது அப்போது அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதானா?

தந்திமரம் எழுதியது:

இரண்டும் கலந்ததுதான். ஆஷ்டன் சகோதரர்களும் அலெக்சாண்டரும் அன்று தேர்ந்த வாசிப்பாளர்கள் அல்லர்; இசையில் முறையான அனுபவம் கூடுதலாக இருந்தது இக்கியிடம்தான். ஆனால் கைத்திறன் குறைந்த ஒருவர் வழக்கமாகச் செய்வது என்ன? குறையை மறைக்க அவசரப்பட்டு நிறைய ஸ்வரங்களைக் கொட்டுவார். ரான் அதைச் செய்யவில்லை. கிதாரின் ஒலியை மாற்றக் காலால் அழுத்தும் ஃபஸ், வா-வா ஆகிய இரண்டு பெடல்களைக் கொண்டு ஒரே கார்டின் நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பதில் தன் கவனம் முழுவதையும் வைத்தார். "1969" பாடலின் கடைசி நிமிடத்தில் அவர் வாசிக்கும் தனிவாசிப்பை நான் பல ஆண்டுகளாக வாசித்துப் பழகுகிறேன். ஸ்வரங்களை ஒரே மாலையில் கற்றுவிடலாம். ஆனால் பெடலின் மேல் அவருடைய பாதம் எந்த இடத்தில் எவ்வளவு அழுந்தியது என்பது இன்னும் எனக்குக் கைவரவில்லை.

"ஐ வானா பி யுவர் டாக்" பாடலுக்கும் ஒருமுறை ஹெட்ஃபோனில் திரும்பிப் போங்கள். கிதாரின் இரைச்சலுக்குப் பின்னால் கேல் பியானோவில் ஒரே கட்டையை, பாடல் முழுவதும், ஒரு மாற்றமும் இல்லாமல் அடித்துக்கொண்டே இருக்கிறார்; அதனோடு பனிச்சறுக்கு வண்டியின் சலங்கையும் சேர்ந்து ஒலிக்கிறது. மூன்று கார்டுகளும் கீழே இறங்க இறங்க, அந்த ஒற்றை ஸ்வரம் அதே இடத்தில் நிற்பதால், ஒவ்வொரு கார்டோடும் அதன் உறவு மாறிக்கொண்டே போகிறது. வார்டுக்கும் அது கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.